விளையாட்டு வினையாகும் இடம்: நட்புக் கேலி சண்டையாக மாறுவது எப்படி?

நண்பர்கள் வட்டத்திலோ உறவினர் கூட்டத்திலோ ஒரு சண்டை மூண்டு ஓய்ந்த பிறகு, அதற்குக் காரணமான சொல்லைச் சொன்னவர் பெரும்பாலும் "சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்கிறார். கேட்டுப் புண்பட்டவர் அதை ஏற்பதில்லை. கூட இருந்தவர்களோ, "இதற்கெல்லாமா கோபப்படுவது?" என்று ஒரு சாராரும், "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று மற்றொரு சாராருமாகப் பிரிந்து நிற்கிறார்கள். இவர்களில் எவருமே பொய் சொல்லாமல் இந்தப் பிளவு ஏற்பட முடியும். நேற்றுவரை சிரிப்பை வரவழைத்த சொல் இன்று பகையை வரவழைப்பது ஏன் என்பதை அறிய, சொல்லின் பொருளை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அந்தச் சொல் எந்த உறவுக்குள், யார் முன்னிலையில், எதைத் தொட்டுச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## நகையும் வெகுளியும் பிறக்கும் இடங்கள்

கேலி, கிண்டல், நையாண்டி, நக்கல், எகத்தாளம், ஏளனம் ஆகிய சொற்களை நாம் ஒன்றுக்கொன்று மாற்றிப் பயன்படுத்தினாலும் அவை ஒரே பொருளுடையவை அல்ல. கேலியும் கிண்டலும் எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டு சிரிக்கின்றன. நக்கலில் கூர்மை ஏறுகிறது. எகத்தாளத்தில் சொல்பவர் ஒரு படி மேலேறி நின்றுகொள்கிறார். ஏளனத்தில், ஏளனம் செய்யப்படுபவருக்குச் சிரிப்பில் பங்கே கிடையாது. இலங்கைத் தமிழில் வேடிக்கைப் பேச்சுக்குப் 'பகிடி' என்று பெயர். கல்லூரிகளில் புதிய மாணவர்களை மூத்த மாணவர்கள் துன்புறுத்துவதற்கு அங்கே வழங்கும் பெயர் 'பகிடிவதை'. பகிடி வதையாக முடியும் என்ற அனுபவம் அந்த ஒரு சொல்லிலேயே பதிவாகியிருக்கிறது.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல், நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைக் கூறுகிறது. இவற்றில் முதலாவதான எள்ளலை, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் இரண்டாகப் பிரிக்கிறார். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வகை மிக முக்கியமானது. எள்ளப்பட்டவரும் சிரிக்க முடிந்தால் அங்கே நடப்பது கேலி. அவர் சிரிப்பதற்கான வழி அடைபட்டுவிட்டால் அங்கே நடப்பது வேறொன்று.

அது எது என்பதற்கும் அதே இயலில் விடை இருக்கிறது. வெகுளி, அதாவது சினம், பிறக்கும் இடங்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கு சொல்லப்படுகின்றன. உறுப்பறையும் அலையும் உடலைத் துன்புறுத்துபவை. குடிகோள் என்பது மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றுக்குக் கேடு சூழ்வது. கொலை என்ற சொல்லுக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் இன்னும் வியப்பளிப்பது: ஒருவருடைய அறிவையும் புகழையும் கொன்று பேசுதலே அது என்கிறார். ஆகவே சினத்தைப் பிறப்பிக்கும் நான்கில் இரண்டை, கையை ஓங்காமல் வாயாலேயே செய்துவிடலாம். குடும்பத்தைத் தொடுவதும் மதிப்பைத் தொடுவதும்தான் அந்த இரண்டு. இன்றைய சண்டைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு புள்ளிகளில்தான் வெடிக்கின்றன.

## 'மச்சான்' என்ற அழைப்பு தரும் உரிமம்

மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940இல் 'கேலி உறவு' என்ற கருத்தை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். சில உறவுமுறைகளில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்ய வழக்கம் அனுமதிக்கிறது, சில வேளைகளில் கட்டாயப்படுத்தவும் செய்கிறது; கேலிக்கு உள்ளானவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே வழக்கத்தின் பகுதி. மதிப்புக் குறைவாகப் பேசுவதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஓர் உரிமம் என்று இதைச் சொல்லலாம்.

தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தியாக இராது. மாமன், மச்சான், அத்தை மகள், கொழுந்தியாள் ஆகியோர் கேலி செய்யும் முறை உடையவர்கள். மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே அந்த முறை கிடையாது. தாத்தாவும் பேரனும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்ளலாம். தந்தையிடம் அதே பேச்சு செல்லாது. திருமண நலங்கில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சம்பந்திகளைக் கேலி செய்து பாடும் பாட்டுகள், இரு குடும்பங்கள் புதிதாக ஒட்டும் இடத்திலுள்ள உரசலைச் சிரிப்பாக வெளியேற்றுகின்றன. கேலிக்கு இடமளிக்கும் உறவுகள் பெரும்பாலும் நெருக்கமும் விலக்கமும் கலந்த உறவுகளாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். மச்சான் நம் வீட்டாருமல்லர், வெளியாருமல்லர்.

உறவினரல்லாத நண்பர்கள் ஒருவரையொருவர் 'மச்சான்', 'மச்சி', 'மாப்பிள்ளை' என்று அழைத்துக்கொள்வது இங்கிருந்துதான் விளங்குகிறது. அவர்கள் தேர்ந்துகொள்வது கேலிக்கு உரிமை தரும் உறவுப் பெயர்களை. 'அண்ணே' என்ற அழைப்பில் பணிவும் 'தம்பி' என்ற அழைப்பில் பரிவும் முன்னே வருகின்றன. 'மச்சான்' என்று அழைத்த உடனே கேலிக்கான கதவு திறந்துகொள்கிறது. இந்தச் சொல் சிங்களத்துக்கும் சென்று அங்கும் நண்பர்களுக்கிடையே அதே பணியைச் செய்கிறது.

ஆனால் இந்த உரிமம் கைமாற்றக் கூடியதன்று. ஒருவருடைய மச்சான் அவரைப் 'பொடியா' என்று அழைக்கலாம் என்பதால், அதைக் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாமவருக்கு அந்த உரிமை வந்துவிடுவதில்லை. பத்து ஆண்டு நட்பில் இருவர் பயன்படுத்தும் பட்டப் பெயரை, குழுவில் பத்து நாளுக்கு முன் சேர்ந்தவர் பயன்படுத்தும்போது எழும் சண்டைக்கு இதுவே காரணம். சொல் மாறவில்லை, முறை இல்லாதவர் வாயிலிருந்து அது வந்திருக்கிறது.

## கேலி வெளிப்படையான பொய்யாக இருக்க வேண்டும்

மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 1983இல் இதற்கு ஒரு எளிய விதியை முன்வைத்தார். ஒருவரிடம் நெருக்கத்தைக் காட்ட விரும்பினால், அவரைப் பற்றி வெளிப்படையாகவே பொய்யானதும் வெளிப்படையாகவே மரியாதைக் குறைவானதுமான ஒன்றைச் சொல் என்பது அதன் சாரம். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவளை அவளுடைய தோழி "சரியான மக்கு" என்றால் இருவரும் சிரிக்கிறார்கள், ஏனென்றால் அது உண்மையில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதே சொல்லை முந்தைய நாள் தேர்வில் தோற்றவளிடம் சொன்னால் அந்தப் பொய் உண்மைக்கு மிக அருகில் போய்விடுகிறது. சொன்னவருடைய எண்ணத்தில் எந்த வேறுபாடும் இல்லாமலேயே கேலி தோற்றுவிடுகிறது.

எனக்கு இந்த விதியின் பயன் முழுதும் அதன் எதிர்மறைப் பக்கத்தில்தான் தெரிகிறது. ஒருவருடைய நிறம், உடற்பருமன், திக்குவாய், வேலையின்மை, திருமணமாகாமை, குழந்தையின்மை ஆகியவை பற்றிய 'கேலிகள்' ஏன் கேலியாக நிலைப்பதில்லை என்பதை அது விளக்குகிறது. அங்கே பொய்யின் பாதுகாப்பு இல்லை. கேட்டவர் சிரித்தாலும் அந்தச் சிரிப்பு அவர் கொடுக்கும் விலைதான்.

இதோடு 'முகம்' என்ற கருத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1955இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒருவர் பிறர் முன் காத்துக்கொள்ள விரும்பும் மதிப்பை முகம் என்று அழைத்தார். பெனலோப் பிரவுன், ஸ்டீஃபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதை விரித்துப் பணிவுமொழி பற்றிய கோட்பாடாக்கினார்கள். அக்கோட்பாட்டுக்கு அவர்கள் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சுவழக்கு அதில் ஆராயப்பட்டது. முகம் சுண்டிப்போவது, முகத்தில் கரி பூசுவது, முகம் கொடுத்துப் பேசாதிருப்பது என்றெல்லாம் பேசும் நமக்கு இக்கருத்து எளிதில் பிடிபடும். ஒரு சொல் எவ்வளவு முகத்தைக் கெடுக்கும் என்பது, பேசுவோரிடையே உள்ள தொலைவையும், அவர்களின் அதிகார வேறுபாட்டையும், சொல்லப்படும் பொருளின் பாரத்தையும் பொறுத்தது.

## சண்டை ஏறும் படிகள்

நட்பான கிண்டல் ஒரே தாவலில் சண்டையாவது அரிது. வழக்கமாக அது பின்வரும் வரிசையில் ஏறுகிறது.

1. பொருளிலிருந்து ஆளுக்கு. "நீ சொன்ன கணக்கு தப்பு" என்பது "உனக்குக் கணக்கே வராது" என்றாகிறது. முதலாவது அந்தக் கூற்றை மறுக்கிறது. இரண்டாவது அறிவைக் கொன்றுரைக்கிறது.

2. இன்றிலிருந்து பழைய கணக்குக்கு. "போன வருஷமும் இப்படித்தான்" என்ற வாக்கியம் வந்தவுடன் விவாதத்தின் பொருள் மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு தொடங்கிய கேள்விக்கு விடை கிடைத்தாலும் சண்டை நிற்பதில்லை.

3. இருவரிலிருந்து கூட்டத்துக்கு. தனியே சொன்னால் விழுங்கிக்கொள்ளக் கூடிய சொல்லை நாலு பேர் முன்னிலையில் விழுங்க முடிவதில்லை. மூன்றாமவர் சிரித்துவிட்டால், கேலி செய்தவரைக் காட்டிலும் சிரித்தவர் மீதே சில வேளைகளில் சினம் திரும்புகிறது.

4. ஆளிலிருந்து குடிக்கு. தாய், தங்கை, ஊர், சாதி, சமயம், இனம் ஆகியவற்றுள் ஒன்று உள்ளே வருகிறது. இந்தப் படியிலிருந்து இறங்கி வருவது மிகக் கடினம்.

இந்த ஏற்றத்தைத் தமிழில் மிகத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் ஒரு அடையாளம் உண்டு. அது முன்னிலைச் சொல். அறிமுகமற்ற இருவர் பேருந்தில் வாக்குவாதம் செய்யும்போது "என்ன சார் சொல்றீங்க" என்று தொடங்கி, "என்னய்யா பேசற" என்று இறங்கி, "யாருடா நீ" என்று முடிகிறார்கள். நெருங்கிய நண்பர்களிடையே இதற்கு நேர்மாறாக நடக்கிறது. எப்போதும் 'வாடா', 'போடா' என்று பேசுபவர் திடீரென்று "சரி, நீங்க சொன்னா சரிதான்" என்று பன்மைக்கு ஏறினால், அங்கே மரியாதை கூடவில்லை, உறவு விலகியிருக்கிறது. பட்டப் பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரைச் சொல்லி அழைப்பதும் அதே அடையாளம்தான். யாழ்ப்பாணத்தில் 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் இடையில் 'நீர்' என்ற படியும் இருப்பதால், அங்கே விலக்கத்தை இன்னும் நுட்பமாகக் காட்ட முடிகிறது. பேச்சு எந்தப் படியில் நிற்கிறது என்று அறிய விரும்புபவர், சொல்லப்படும் வாதங்களை விட்டுவிட்டு இந்த முன்னிலைச் சொற்களை மட்டும் கேட்டாலே போதும்.

நான்காவது படியின் வலிமைக்கு உலகமே பார்த்த சான்று, 2006ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று பெர்லினில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி. இத்தாலியின் மார்கோ மட்டராட்ஸி, பிரான்சின் ஜினதின் ஜிதானின் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை வேண்டுமானால் ஆட்டம் முடிந்த பிறகு தருகிறேன் என்று ஜிதான் பதில் சொன்னார். இதுவரை நடந்தது களத்தில் அன்றாடம் நடக்கும் கிண்டல். அதற்கு மட்டராட்ஸி ஜிதானின் சகோதரியை இழுத்துப் பதில் சொன்னார். ஜிதான் திரும்பி வந்து தலையால் மார்பில் முட்டினார். 110ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்று, தன் ஆட்ட வாழ்வின் கடைசிப் போட்டியிலிருந்து வெளியேறினார். பின்னர் ஃபிஃபா ஜிதானுக்கு 3 போட்டித் தடையையும், பேசியதற்காக மட்டராட்ஸிக்கு 2 போட்டித் தடையையும் விதித்தது. முட்டியவருக்கும் பேசியவருக்கும் இடையே ஒரே ஒரு போட்டிதான் வேறுபாடு.

## சிட்னி, 2008: ஒரு தட்டிக்கொடுப்பில் தொடங்கிய வழக்கு

கேலிக்கும் சண்டைக்கும் நடுவிலுள்ள கோட்டை ஒரு நீதிபதியே அமர்ந்து தேட நேர்ந்த வழக்கு, 2008 ஜனவரியில் சிட்னியில் நடந்த இந்திய–ஆஸ்திரேலிய டெஸ்டில் எழுந்தது. மூன்றாம் நாள் சச்சின் டெண்டுல்கரும் ஹர்பஜன் சிங்கும் மட்டையாடிக்கொண்டிருந்தனர். நல்ல பந்து வீசிய பிரெட் லீயை ஹர்பஜன் மட்டையால் பின்புறத்தில் நட்பாகத் தட்டினார். தட்டப்பட்ட லீ அதைப் பொருட்படுத்தவில்லை. அருகிலிருந்த ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் குறுக்கிட்டு எதிர்ப்புத் தெரிவித்தார். வாக்குவாதம் முற்றியது. ஹர்பஜன் தன்னைக் குரங்கு என்று திட்டியதாக சைமண்ட்ஸ் தரப்பு குற்றம் சாட்டியது. ஆட்ட நடுவர் மைக் ப்ராக்டர் 3 டெஸ்ட் தடை விதித்தார்.

அந்தச் சொல் சொல்லப்பட்டிருந்தால் அதன் பாரம் எத்தகையது என்பதை அறிய முந்தைய சில மாதங்களைப் பார்க்க வேண்டும். கரீபிய வம்சாவளியினரான சைமண்ட்ஸை, 2007 அக்டோபரில் வடோதராவிலும் மும்பையிலும் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் குரங்கு போலக் குரலெழுப்பி அவமதித்திருந்தனர். அதற்குப் பிறகு அச்சொல்லை வெறும் சீண்டலாக எவரும் பயன்படுத்த வாய்ப்பே இல்லை.

மேல்முறையீட்டை அதே மாத இறுதியில் அடிலெய்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் விசாரித்தார். ஹர்பஜன் சொன்னது தாயைக் குறித்த இந்தி வசை, அதன் ஒலி குரங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் போலக் கேட்டிருக்கலாம் என்பது இந்தியத் தரப்பின் வாதம். டெண்டுல்கர் சாட்சியம் அளித்தார். இன இழிவுக் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்று முடிவு செய்த ஹேன்சன், தடையை நீக்கிப் போட்டிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டை அபராதமாக விதித்தார். டெஸ்ட் களம் எதிரணியினரோடு நட்புப் பாராட்டும் இடமன்று என்பதே தன் ஆட்சேபம் என்று சைமண்ட்ஸ் விசாரணையில் கூறியிருந்தார். எல்லா ஆட்டக்காரர்களும் அப்படிக் கருதுவதில்லை என்று நம்புவதாகத் தீர்ப்பில் ஹேன்சன் குறிப்பிட்டார்.

இவ்வழக்கில் மேலே சொன்ன எல்லாமே அடங்கியிருக்கின்றன. தட்டியவருக்கும் தட்டப்பட்டவருக்கும் இடையே உடன்பாடு இருந்தது. மூன்றாமவர் அதற்குள் இல்லை. ஒரு தரப்புக்கு மொழி விளங்கவில்லை. பழைய கணக்கு பின்னால் நின்றது. இறுதியில் விசாரிக்கப்பட்ட இரு சொற்களில் ஒன்று இனத்தையும் மற்றொன்று தாயையும் தொட்டவை. தாயை வைவது குறைந்த குற்றமாகக் கருதப்பட்டது என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கவே செய்கிறது.

## குரல் இல்லாத இடத்தில்

நேர்ப்பேச்சில் கேலியைக் கேலி என்று அறிவிப்பது குரலும் முகமும்தான். "ரொம்ப நல்லா இருக்கு" என்ற சொற்றொடர் பாராட்டா கிண்டலா என்பதை 'ரொம்ப'வின் நீட்டலே சொல்லிவிடும். கைப்பேசிச் செய்தியில் அந்த நீட்டல் இல்லை. ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் வாக்கியங்கள் கிண்டலா உண்மையா என்பதைப் பெறுநர்கள் நூற்றுக்கு 78 அளவில் சரியாகக் கண்டுகொள்வார்கள் என்று அனுப்பியவர்கள் கணித்தார்கள். குரலில் கேட்டவர்கள் அதை ஏறக்குறைய எட்டினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களோ நூற்றுக்கு 56 மட்டுமே சரியாகச் சொன்னார்கள்; இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் அது ஏறத்தாழப் பூவா தலையா போட்டதற்குச் சமம். எழுதுபவருக்குத் தன் குரல் மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருப்பதால், அது பெறுநருக்கும் கேட்கும் என்று அவர் நம்பிவிடுகிறார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன் 1982 செப்டம்பர் 19 அன்று, வேடிக்கையாக எழுதியதைக் குறிக்க முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி ஆகியவற்றால் சிரிப்பு முகம் அமைக்கலாம் என்று முன்மொழிந்ததும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான்.

## திருப்பிச் சொல்ல முடியாத கேலி

கேலி உறவின் அடித்தளம் இருவழிப் போக்கு. ஒருவர் மட்டுமே சொல்லவும் மற்றவர் எப்போதும் சிரித்துக்கொண்டு கேட்கவும் வேண்டியிருந்தால், அங்கே அதிகாரம் இருக்கிறது, உறவு இல்லை. சட்டங்கள் இதை மெதுவாக உணர்ந்துவந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம், மாணவரைக் கேலி செய்வதையும் வசைபாடுவதையும் விளையாட்டு என்ற பெயரில் செய்யும் குறும்புகளையும் ராகிங் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. இலங்கை 1998இல் பகிடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. அதே 1998இல் தமிழ்நாட்டில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராக வந்த சட்டம் முதலில் 'ஈவ் டீசிங்' என்ற சொல்லையே தலைப்பில் கொண்டிருந்தது. பின்னர் திருத்தப்பட்டு, பெண்களுக்கு இழைக்கப்படும் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் என்ற பெயர் பெற்றது. கேலி என்ற மென்மையான பெயரைச் சட்டமே கைவிட்ட நிகழ்வு அது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள இந்தியக் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 352ஆவது பிரிவு, வேண்டுமென்றே அவமதித்து, அதனால் பொது அமைதி குலையக் கூடும் என்று அறிந்தே சினமூட்டுவதை 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. எண்ணத்தோடு 'அறிந்தே' என்பதையும் சட்டம் கணக்கில் எடுப்பதால், விளையாட்டாக எண்ணினேன் என்ற விளக்கம் மட்டுமே எப்போதும் போதுமானதாகாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, அவர்களை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பொதுவெளியில் அவமதிப்பதைத் தனிக் குற்றமாக்குகிறது. நண்பர் குழுவில் சாதிப் பெயரைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்: ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த நண்பர் அதற்குத் திருப்பிச் சொல்ல, அதே பாரமுள்ள ஒரு சொல் மொழியில் எங்குமே இல்லை.

## சரிசெய்யும் வாக்கியங்கள்

கேலி தவறிப்போன பிறகு சொல்லப்படும் வாக்கியங்களையும் இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம். "தப்பா எடுத்துக்காதே" என்பது தவறை எடுத்துக்கொண்டவர் மீது வைக்கிறது. "மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுடு" என்பதிலுள்ள 'இருந்தா', காயம் பட்டது உண்மையா என்ற ஐயத்தை இன்னும் விட்டுவைக்கிறது. "நான் அப்படிச் சொன்னது தப்பு" என்ற வாக்கியத்தில் மட்டுமே சொன்னவர் எழுவாயாக நிற்கிறார். கூட்டத்தின் முன் கெட்ட முகத்தைத் தனியே கேட்கும் மன்னிப்பு முழுதாக மீட்பதில்லை என்பதால், இது எங்கே சொல்லப்படுகிறது என்பதும் முக்கியம்.

ஹர்பஜனும் சைமண்ட்ஸும் 2011இல் மும்பை இந்தியன்ஸ் அணியில் ஒன்றாக ஆடினார்கள். அந்தக் காலத்தில் ஹர்பஜன் தன்னிடம் தனியாக, மனமுடைந்து மன்னிப்புக் கேட்டார் என்று 2018இல் சைமண்ட்ஸ் ஒரு பேட்டியில் கூறினார். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று ஹர்பஜன் உடனே பொதுவெளியில் மறுத்தார். 2022இல் ஒரு கார் விபத்தில் சைமண்ட்ஸ் இறந்தபோதும் அந்த இரண்டு கூற்றுகளும் அப்படியே எதிரெதிராக நின்றன.